நெல்லையிலிருந்து தஞ்சோரா: எந்த வரிசை, எந்த ஓரம், எதைக் கழற்றி வைக்க வேண்டும்

பொருட்காட்சித் திடலில் டிராகன் ரயிலும் கொலம்பஸும் ஏறிப் பழகிய நமக்கு, ரோலர் கோஸ்டர் என்றால் தண்டவாளம் கீழே, பெட்டி மேலே. சென்னை வொண்டர்லாவில் இருக்கும் தஞ்சோராவில் தண்டவாளம் தலைக்கு மேல் ஓடுகிறது. இருக்கை அதன் அடியில் தொங்குகிறது, கால் அந்தரத்தில். திருப்போரூர் பக்கம் இள்ளலூரில் 2025 டிசம்பரில் திறந்த பூங்கா அது. மொத்தம் 43 விளையாட்டுகள். திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடியிலிருந்து ராத்திரி ரயில் பிடித்துப் போகிறவர்களுக்கு எங்கள் தீர்ப்பு: இந்த ஒன்றுக்காகவே போகலாம். ஆனால் எந்த இருக்கை என்று பார்க்காமல் ஏறினால் கொடுத்த காசுக்குப் பாதி அனுபவம்தான் கிடைக்கும்.

இதைச் செய்தது சுவிட்சர்லாந்தின் போலிகர் அண்டு மாபியார் நிறுவனம். கோஸ்டர் ஆர்வலர்கள் சுருக்கமாக பி அண்டு எம் என்பார்கள். வால்டர் போலிகர், க்ளோட் மாபியார் என்ற இரண்டு பொறியாளர்கள் தொடங்கியது. பக்கவாட்டில் ஆடாமல் தொங்கும் இந்த வகையை உலகுக்குக் கொண்டுவந்ததும் இவர்கள்தான்: 1992-ல் சிகாகோ அருகே உள்ள சிக்ஸ் ஃபிளாக்ஸ் கிரேட் அமெரிக்காவில் 'பேட்மேன்: தி ரைடு'. அப்புறம் 1994-ல் அமெரிக்காவின் சீடர் பாயிண்ட் பூங்காவில் ராப்டர், அதே ஆண்டு இங்கிலாந்தின் ஆல்டன் டவர்ஸில் நெமசிஸ், 2014-ல் மறுபடி அமெரிக்காவில், கிங்ஸ் ஐலண்டில் பான்ஷீ என்று வரிசையாக வந்தன. இந்தியாவில் இவர்கள் வேலை புதிதல்ல. மும்பை பக்கம் கோபோலியில் இமேஜிகா பூங்காவின் நைட்ரோ 2013-லிருந்தே ஓடுகிறது. அதிலும் பாதத்துக்குக் கீழே தரை இருக்காது, ஆனால் தண்டவாளம் காலுக்குக் கீழேதான். தலைக்கு மேல் தண்டவாளம் வைத்து இந்த நிறுவனம் இந்தியாவில் போட்ட முதல் கோஸ்டர் தஞ்சோரா.

தொங்குகிறது என்றதும் ஊஞ்சல் மாதிரி பக்கவாட்டில் ஆடும் என்று பலர் பயப்படுகிறார்கள். ஆடாது. இருக்கை வரிசை முழுவதும் மேலே உள்ள சக்கரச் சட்டத்தோடு இறுக்கமாகப் பூட்டப்பட்டது. ஒவ்வொரு சட்டத்திலும் மூன்று வகைச் சக்கரம் இருக்கும்: எடையைத் தாங்குவது, பக்கவாட்டில் தண்டவாளத்தை அணைத்துப் பிடிப்பது, எதிர்ப்புறத்திலிருந்து கவ்வுவது. மூன்றும் சேர்ந்து குழாய்த் தண்டவாளத்தைச் சுற்றி வளைத்துக்கொள்வதால், ரயில் தலைகீழாக நின்றாலும் தண்டவாளத்தை விட்டுக் கழல வழியில்லை. இதைச் சொல்லக் காரணம் உண்டு. வரிசையில் நிற்கிற பிள்ளைகளைவிட, கீழே நின்று அண்ணாந்து பார்க்கிற ஆச்சிமாருக்குத்தான் நெஞ்சு படபடக்கிறது.

இந்த ரயிலில் மோட்டார் கிடையாது. ஏற்றத்தில் சங்கிலி இழுத்துக்கொண்டு போகும். உச்சியைத் தாண்டியதும் புவியீர்ப்பு மட்டும்தான். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முன்னே சொன்ன பேட்மேன் கோஸ்டரில் முதல் இறக்கம் ஏறக்குறைய 26 மீட்டர். உரசலை விட்டுவிட்டால் 26 மீட்டர் விழுகிற எதுவும் அடியில் மணிக்கு 81 கிலோமீட்டர் வேகம் எடுக்கும். அந்தக் கோஸ்டரின் வேகம் 80 என்றே போடுகிறார்கள். முதல் இறக்கத்தில் உரசலுக்குப் போவது அவ்வளவு குறைவு. ஏற்றத்தில் 'டக் டக் டக்' என்று ஒரு சத்தம் கேட்டுக்கொண்டே வரும். அது எதுவும் உடைகிற சத்தம் இல்லை. சங்கிலி அறுந்தாலும் ரயில் பின்னால் வழுக்காதபடி ஒரு கொண்டி பல்பல்லாகக் கவ்விக்கொண்டே ஏறுகிற சத்தம் அது. அந்தச் சத்தம் நின்றால் இறக்கம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

இனி இருக்கை விஷயம். பி அண்டு எம் தொங்கு கோஸ்டரில் ஒரு வரிசைக்கு நான்கு பேர். வழக்கமாக 7 அல்லது 8 வரிசை, அதாவது 28 அல்லது 32 பேர். பூங்காவுக்கு ஏற்றபடி குறையவும் செய்யும். முன் வரிசையில் உட்கார்ந்தால் கண்ணுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. மற்ற எல்லா வரிசையிலும் முன்னால் இருக்கிறவரின் இருக்கை முதுகுதான் பாதிக் காட்சியை அடைத்துக்கொள்ளும். தண்டவாளம் மேலே இருப்பதால் முன் வரிசைக்காரருக்கு அடுத்து எந்தப் பக்கம் திரும்பும் என்பதுகூட எளிதில் தெரியாது. வழக்கமான கோஸ்டரில் தண்டவாளத்தைப் பார்த்து உடம்பைத் தயார் செய்துகொள்ளலாம். இங்கே அந்த வசதி போச்சு. காட்சிக்கு முன் வரிசைதான், வேறு பேச்சில்லை.

விசைக்குக் கடைசி வரிசை. காரணம் எளிது. முன் வரிசை உச்சியைத் தாண்டும்போது ரயிலின் பெரும்பகுதி இன்னும் ஏற்றத்தில்தான் இருக்கும். அந்த எடை முன்பக்கத்தைப் பிடித்து நிறுத்தி வைக்கும். ஆகவே முன்னால் இருப்பவர் இறக்கத்தின் விளிம்பில் ஒரு கணம் தொங்கி நிற்பார். கடைசி வரிசை உச்சிக்கு வரும்போது மற்ற எல்லா வரிசையும் கீழே பாய்ந்துகொண்டிருக்கும். பின்னால் இருப்பவரை அது வெடுக்கென்று பிடுங்கி இழுக்கும். அடிவயிற்றில் காற்று புகுந்த உணர்வு வேண்டும் என்கிறவர்கள் அங்கே போகட்டும். முதல் முறை ஏறுபவர்கள், பயத்தோடு கூட்டத்துக்காக ஏறுபவர்கள் நடு வரிசைக்குப் போங்கள். மூன்றாவது, நான்காவது வரிசையின் உள் இருக்கைகள்தான் ரயிலிலேயே சாதுவான இடம்.

உள் இருக்கை, வெளி இருக்கை வித்தியாசத்தைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. நான்கில் இரண்டு ஓரத்தில். ரயில் கார்க்ஸ்க்ரூவில், அதாவது திருகாணி போல முறுக்கிய பகுதியில், திருகும்போது நடுவில் இருப்பவர் சிறிய வட்டம் போடுகிறார். ஓரத்தில் இருப்பவர் பெரிய வட்டம் போடுகிறார். அதே நேரத்துக்குள் கூடுதல் தூரம், ஆகவே கூடுதல் வீச்சு. காலுக்கும் தூணுக்கும் இடையே உள்ள இடைவெளி பாதுகாப்பாக அளந்துதான் விடப்படும், ஆனாலும் ஓரத்தில் இருப்பவருக்குக் காலைச் சீவிக்கொண்டு போகும் என்றே தோன்றும். எங்கள் பரிந்துரை, முதல் தடவை முன் வரிசையில் ஏதாவது ஓர் ஓரம். முன் வரிசைக்குத் தனிக் கியூ நீளமாக நிற்கும். அதற்காகக் காத்திருப்பது தகும். கடைசி வரிசைக்கு அவ்வளவு நேரம் நிற்கத் தேவையில்லை, அங்கே கூட்டம் தானே கலையும்.

இந்த வகைக் கோஸ்டர்களில் எங்களுக்குப் பிடித்த கட்டம் ஜீரோ ஜி ரோல். ரயில் ஒரு மேட்டின் மேல் ஏறி இறங்கும்போதே முழுச் சுற்றுச் சுற்றிவிடும். சுற்றின் அச்சு ஏறக்குறைய நம் நெஞ்சு மட்டத்தில் இருக்கும்படி தண்டவாளத்தை வளைத்திருப்பார்கள். அதனால் நாம் ஒரே இடத்தில் மிதக்க, தண்டவாளமும் வானமும்தான் நம்மைச் சுற்றி வருவது போலிருக்கும். உடம்பில் எடையே தெரியாது. தோளுக்கு மேலிருந்து இறங்கி உடம்பைப் பிடிக்கும் லாக்கில் அழுத்தம் இல்லை, இருக்கையிலும் அழுத்தம் இல்லை. செங்குத்தாகத் தலைகீழாய் ஒரு சுற்றுச் சுற்றிவரும் லூப் அப்படியல்ல, அது உடம்பைக் கசக்கும். கசக்குவதைக் குறைக்கத்தான் எந்த நல்ல கோஸ்டரிலும் லூப் சரியான வட்டமாக இராமல், மேலே குறுகி அடியில் அகன்ற நீர்த்துளி வடிவில் இருக்கிறது. வேகம் அதிகமாக இருக்கிற அடிப்பகுதியில் வளைவு தாராளமாக இருந்தால் உடம்பு தாங்கும். வட்டமாகவே போட்டால் நுழையும்போதே கழுத்து முறிகிற அளவுக்கு விசை வரும்.

பேட்மேன் கோஸ்டரில் அதிகபட்ச விசை 4 ஜி, அதாவது நம் எடையைப் போல நான்கு மடங்கு என்பார்கள். 60 கிலோ ஆள் அந்த நொடிக்கு 240 கிலோ போல உணர்வார். ரத்தம் காலுக்கு இறங்கும், அதுவும் தொங்குகிற காலுக்கு. இறுக்கமான சுழலில் சிலருக்குப் பார்வையின் ஓரங்கள் சாம்பல் நிறமாக மங்கும். பயப்பட வேண்டாம், தொடையையும் வயிற்றையும் இறுக்கிப் பிடியுங்கள், மூச்சை அடக்காமல் குட்டி குட்டியாக விடுங்கள், தலையைப் பின்னால் இருக்கையில் ஒட்டியே வையுங்கள். குனிந்து காலைப் பார்க்கிற பழக்கம்தான் கழுத்து வலியைக் கொண்டுவருகிறது. பார்வை அடுத்த திருப்பத்தில் இருக்கட்டும்.

வெளிநாட்டில் வேறு கம்பெனியின் பழைய, இரண்டிரண்டு பேர் உட்காரும் தொங்கு கோஸ்டரில் ஏறிக் காதும் தாடையும் அடிபட்டு இறங்கியவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர் உண்டு; வளைகுடாவிலும் மலேசியாவிலும் வேலை பார்க்கிற ஊர் அல்லவா. அந்த அனுபவத்தை வைத்து இதை ஒதுக்க வேண்டாம். பி அண்டு எம் தண்டவாளம் பெட்டி வடிவ முதுகெலும்பு கொண்டது, வளைவுகள் மிருதுவாக மாறும். உள்ளே கூடாக இருப்பதால் ரயில் ஓடும்போது 'ஹூ' என்று ஓர் உறுமல் எழும். அக்கம்பக்கத்துக்குச் சத்தம் ஆகாதென்று சில பூங்காக்கள் அந்த முதுகெலும்புக்குள் மணலை நிரப்பி அடக்குவதும் உண்டு. இருந்தாலும் காது லாக்கில் உரசவே செய்யும். ஜிமிக்கி, தொங்கட்டான், வளையம் எதுவானாலும் ஏறுவதற்கு முன் கழற்றி லாக்கரில் வைத்துவிடுங்கள்.

உடை பற்றி நம் ஊர்க்காரர்களுக்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இருக்கை சைக்கிள் சீட் போல இரண்டு தொடைக்கும் நடுவில் ஒரு முன் மேடு கொண்டது. தோளுக்கு மேலிருந்து வரும் லாக்கின் அடிமுனையிலிருந்து ஒரு பெல்ட் அந்த மேட்டில் வந்து பூட்டும். புடவை கட்டினால் உட்காரவே முடியாது, வேட்டியும் அப்படியே. சுடிதார் என்றால் துப்பட்டாவை லாக்கரில் வைக்க வேண்டும். தாலிக்கொடியும் கழுத்துச் செயினும் உடைக்குள் போகட்டும். லாக் நெஞ்சில் அழுத்தும்போது டாலர் குத்தும். ரப்பர் செருப்பு கழன்று பறக்கும், ஆகவே பிளாட்பாரத்திலேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு ஏறுங்கள். பட்டை வைத்த சாண்டல் பரவாயில்லை. கண்ணாடி இல்லாமல் முடியாதவர்கள் பின்னால் கட்டுகிற ஒரு நாடாவை ஊரிலேயே வாங்கி வந்துவிடுங்கள்.

லாக்கை ஊழியர் அழுத்துவதற்கு முன் செய்ய வேண்டியது: இடுப்பை முழுக்கப் பின்னால் தள்ளி, முதுகை ஒட்டி, நிமிர்ந்து உட்காருங்கள். நெஞ்சில் பாதி மூச்சு இருக்கட்டும். சரிந்து உட்கார்ந்தால் லாக் உயரத்தில் நின்றுவிடும். ஓட்டத்தில் விசை வரும்போது நீங்கள் இன்னும் கொஞ்சம் கீழே அமுங்க, லாக் ஒன்றிரண்டு பல் கூடுதலாக இறங்கி நெஞ்சை நசுக்கும். நடுவில் தளர்த்த வழியில்லை, பிளாட்பாரம் வரும்வரை அப்படியே வர வேண்டியதுதான். இறங்கி வந்து "மூச்சே விட முடியல" என்கிறவர்களில் பெரும்பாலோர் சரிந்து உட்கார்ந்தவர்கள்தான். பெல்ட் கிளிக் ஆனதும் நீங்களே ஒரு தடவை இழுத்துப் பாருங்கள். ஊழியரும் இழுத்துப் பார்ப்பார். அதன்பின் காலுக்குக் கீழே உள்ள தளம் இறங்கும்.

தொப்பைக்காரர்கள் கவனிக்க: இங்கே தடை எடை அல்ல, நெஞ்சும் வயிறும்தான். பெல்ட் எட்டவில்லை என்றால் எவ்வளவு கெஞ்சினாலும் அனுப்ப மாட்டார்கள், அனுப்பவும் கூடாது. இந்த நிறுவனத்தின் பல ரயில்களில் ஓரிரு வரிசைகளில் மட்டும் பெல்ட் நீளமான அகல இருக்கை உண்டு. வரிசையில் நிற்பதற்கு முன்பே நுழைவாயிலில் மாதிரி இருக்கை இருந்தால் உட்கார்ந்து பாருங்கள், இல்லாவிட்டால் ஊழியரிடம் "அகல சீட் எந்த வரிசை?" என்று கேளுங்கள். ஒரு மணி நேரம் நின்றுவிட்டு மேலே போய்த் திரும்புவது எல்லார் முன்னாலும் சங்கடம். பிள்ளைகளுக்கு உயர அளவு உண்டு. உலகம் முழுக்க இந்த வகைக்கு 130 முதல் 140 சென்டிமீட்டர் வரைதான் கேட்கிறார்கள். ஊரிலேயே சுவரில் கோடு போட்டு அளந்துவிட்டுக் கூட்டிப் போனால் பிள்ளை அழாது. இதய நோய், ரத்த அழுத்தம், கர்ப்பம், கழுத்து முதுகுத் தேய்மானம், அண்மையில் ஆபரேஷன்: யாராக இருந்தாலும் கீழேயே இருங்கள்.

செல்போன். இதில் மட்டும் நாங்கள் கடுமையாகத்தான் பேசுவோம். வேலிக்குள் விழுந்தால் அதை மறந்துவிட்டு ஊழியரிடம் எழுதிக் கொடுங்கள். 2015 ஆகஸ்டில் அமெரிக்காவின் சீடர் பாயிண்டில், ராப்டரில் ஏறி இறங்கிய ஒருவர் விழுந்த போனைத் தேடி வேலி தாண்டிப் போய், ஓடி வந்த ரயில் மோதி இறந்தார். மற்ற கோஸ்டரில் ரயில் தண்டவாளத்துக்கு மேலே போகும். இதில் தண்டவாளத்துக்குக் கீழே ஆட்களின் கால்கள் அசுர வேகத்தில் வரும். தரையில் நின்று மேலே தண்டவாளத்தைப் பார்த்து 'எவ்வளவு உயரத்தில் இருக்கிறது' என்று கணக்குப் போடுகிறவருக்கு அந்தக் கால்கள் கணக்கில் வராது.

என்ன கோளாறு வரும்? பெரும்பாலும் ஒன்றுதான்: ஏற்றத்தில் ரயில் நின்றுவிடும். பாதை பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு பகுதியில் ஒரு ரயில்தான் இருக்கலாம். முன்னால் போன ரயில் பிரேக் பகுதியை விட்டு நகரத் தாமதமானால், உதாரணமாக யாரோ ஒருவர் பிளாட்பாரத்தில் பெல்ட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தால், கணினி பின்னால் வரும் ரயிலைச் சங்கிலியிலேயே நிறுத்திவிடும். இது அமைப்பு வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். அமைதியாகக் கடற்காற்று வாங்குங்கள். காற்று பலமாக அடித்தாலும் மின்னல் வந்தாலும் நிறுத்துவார்கள். எதிர்க்காற்று வேகத்தைத் தின்றுவிட்டால் ரயில் அடுத்த மேட்டை ஏற முடியாமல் பள்ளத்தில் நின்றுவிடும் ஆபத்து உண்டு. காலையில் ஆளில்லாமல் ஓட்டிப் பார்ப்பதும் அதற்கும் சேர்த்துத்தான். இன்னொரு விஷயம், காலை முதல் ஓட்டம் எப்போதும் மந்தம். சக்கரத்தின் பாலியூரித்தேனும் பேரிங் கிரீஸும் சூடேறச் சூடேற உரசல் குறையும். மத்தியானத்துக்கு மேல் அதே ரயில் வேகமாகவே ஓடும்.

ஆகவே எந்த மாதம் போவது என்பதும் முக்கியம். அரையாண்டு லீவு வடகிழக்குப் பருவமழையோடு ஒட்டி வருகிறது; கூட்டமும் மழையும் சேர்ந்து நாளைக் கெடுக்கும். அந்த வேகத்தில் மழைத்துளி முகத்தில் ஊசியாகக் குத்தும். பிப்ரவரியில் ஒரு வார நாள், அல்லது பள்ளி திறந்தபின் ஜூன், ஜூலையில் ஒரு வார நாள்தான் எங்கள் தேர்வு. டிக்கெட் விலை நாளுக்கு நாள் மாறும், இணையத்தில் பார்த்து எடுங்கள். மாணவர்கள் அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள்.

போக்குவரத்தில் பலர் செய்கிற பிழை, எழும்பூர் வரை போய் மறுபடி தெற்கே திரும்புவது. நெல்லை எக்ஸ்பிரஸ், செங்கோட்டையிலிருந்து வரும் பொதிகை இரண்டும் செங்கல்பட்டில் நிற்கும். விடியலில் அங்கேயே இறங்கினால் திருப்போரூர் முப்பது கிலோமீட்டருக்குள்தான். பஸ் உண்டு, நான்கைந்து பேர் என்றால் வாடகைக் கார் கட்டுப்படியாகும். பூங்கா திறக்க முற்பகல் ஆகிவிடும், நடுவில் திருப்போரூர் முருகனைக் கும்பிட்டு வர நேரம் இருக்கிறது. வந்தே பாரத் இதற்கு உதவாது. பாதிப் பகல் ரயிலிலேயே போய்விடும்.

சாப்பாடு: ஏறுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு இரண்டு இட்லி போதும். வெறும் வயிறும் ஆகாது, அது குமட்டலைக் கூட்டும். பரோட்டா, சால்னா எல்லாம் ராத்திரிக்கு. மாஞ்சோலை பஸ்ஸில் வாந்தி எடுக்கிற ஆள் இதில் ஏறலாமா என்று கேட்பவர்கள் உண்டு. மலைப்பாதையில் வாந்தி வருவது நீண்ட நேர மெதுவான ஆட்டத்தால். இது இரண்டு நிமிடம் பக்கத்தில் முடிந்துவிடும். ஒரு தடவை ஏறிப் பார்க்கலாம், அடுத்தடுத்து ஏறக் கூடாது, அவ்வளவுதான்.

குறை சொல்ல வேண்டுமென்றால் அந்த இரண்டு நிமிடம்தான். அறுநூறு கிலோமீட்டர் போய், வெயிலில் நின்று, இரண்டு நிமிடம். வயதானவர்களும் கைக்குழந்தையும் சேர்ந்த குடும்பம் என்றால் மற்ற விளையாட்டுகளுக்காக மட்டும் கணக்குப் போட்டுப் பாருங்கள், இதைச் சேர்க்காதீர்கள். கோஸ்டர் பிடித்த கல்லூரிப் பிள்ளைகள் நான்கு பேர் என்றால் யோசிக்கவே வேண்டாம்.

நாளை இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள். வாசல் திறந்ததும் நேராகத் தஞ்சோரா, முன் வரிசை. உச்சி வெயிலில் தண்ணீர் விளையாட்டு. நாலு மணிக்குமேல் உடை காய்ந்தபின் மறுபடி தஞ்சோரா, இந்தத் தடவை கடைசி வரிசையின் ஓரம். ரயில் சூடேறி இருக்கும், கூட்டமும் பசியில் ஓட்டலுக்குப் போயிருக்கும். ஈர உடையோடு ஏறினால் தொடை இருக்கையில் உரசிப் புண்ணாகும். திரும்புகிற ரயிலையும் செங்கல்பட்டிலேயே ஏறுகிற மாதிரி முன்பதிவு செய்துவிடுங்கள். சாயங்கால நெரிசலில் திருப்போரூரிலிருந்து எழும்பூருக்கு ஓடுவதுதான் அந்த நாளின் உண்மையான பயங்கரம்.